பழைய வீட்டிற்குப் பழைய பொருள்



நம் தங்கவயலில் இந்நாட்களில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை பல தெருக்களில் நடைபெறுகின்றது. பெங்களூரில் பணிபுரியும் பிள்ளைகள் பணம் அனுப்புகின்றனர். "தாத்தா இருந்த வீடு தாத்தா காலத்து வீடாகவே இருக்கட்டும்" என்றும் சொல்லியனுப்புகின்றனர். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கின்றது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டபின் இவ்வூரை விட்டுப் போவதே பேச்சாக இருந்தது. இன்று திரும்பி வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க நினைப்பவரும் இருக்கின்றனர். ஆனால் அந்தக் காலத்துச் சுவிட்சு எங்கே கிடைக்கும், கிடைத்தாலும் பொருத்தலாமா என்று கேட்பவர் பலர். ஆதலின் இத்திங்கள் அதனைப் பற்றிச் சில சொல்லுவோம்.

முதலில் எந்தக் காலம், யாருடைய காலம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் கடந்து 1902இல் நம்மூருக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். இது நமக்குப் பெருமையே. எனினும் அம்மின்சாரம் வந்தது சுரங்கத்துப் பொறிகளை இயக்குவதற்காக. துரைமார் பங்களாவில் விளக்கும் விசிறியும் இருந்த நாளில், லைன் வீட்டில் நம் பாட்டிமார் சிம்னி விளக்கின் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தனர். எனவே லைன் வீட்டில் வாழ்ந்த குடும்பம் பங்களாவின் பித்தளைக் கைப்பிடிகளை விலைக்கு வாங்கிப் பொருத்தி, "இதுவே எங்கள் பழைமை" என்று சொல்வது பொருந்தாது. அரிக்கேன் விளக்கும் ஆட்டுக்கல்லும் நம் பழைமை. அவற்றுக்கு நாணவேண்டுவதில்லை.

சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றது 1956இல். அக்காலத்தை ஒட்டி எழுந்த நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். சிவப்புச் சிமெண்டுத் தரை, மங்களூர் ஓடு, சுவரின்மேல் மரப்பட்டை அடித்து, அதன்மேல் தகரக் கிளிப்பில் ஓடும் மின்கம்பி, வட்ட மரக்கட்டையின்மேல் கறுப்புக் குமிழ்ச் சுவிட்சு, பீங்கான் பியூசு, சமையலறையில் அம்மியும் பம்பு ஸ்டவ்வும், கூடத்தில் வால்வு ரேடியோ. காலத்தை அறிய உதவும் குறிப்பு ஒன்றிரண்டு உண்டு. நம் நாட்டில் கோத்ரெஜ் குளிர்பெட்டி செய்யத் தொடங்கியது 1958இல். ஹாக்கின்ஸ் குக்கர் நிறுவனம் தோன்றியது 1959இல். ஆகவே 1950ஆம் ஆண்டுச் சமையலறை என்று அமைத்துவிட்டு, அதில் குக்கரை அலங்காரமாக வைத்தால் விவரம் அறிந்தவர் புன்னகை செய்வர்.

இனி, பொருளைத் தேடும் வழி. கடைக்குப் போகுமுன் பரண்மேல் ஏறுக. நம் வீடுகளில் எதையும் எளிதில் எறிந்துவிடும் வழக்கம் இருந்ததில்லை. பித்தளைக் குழாய், வெந்நீர்த் தவலை, கதவின் நாதாங்கி முதலியன சாக்குப்பையில் கிடக்கக் கூடும். பித்தளைக் குழாய் ஒழுகினால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளிருக்கும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். அது சில ரூபாயில் கிடைக்கும். அரை அங்குலக் குழாயின் மரை அன்றும் இன்றும் ஒன்றே ஆதலால், பழைய குழாய் புதிய இணைப்பிலும் பொருந்தும்.

பரணில் இல்லையெனில் வெளியே செல்க. பெங்களூரில் எஸ்.ஜே.பி. சாலைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுமையுடன் தேடுவோருக்குப் பழைய பொருள்கள் அகப்படும். தமிழ்நாட்டில் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் எடுத்துச் செல்க. காந்தம் ஒட்டினால் அது இரும்பின்மேல் பித்தளை முலாம் பூசியது. ஒட்டாததனால் மட்டும் பித்தளையென்று முடிவு செய்துவிடவும் கூடாது. கையில் எடுத்துக் கனமும் பார்க்கவேண்டும். மங்களூர் ஓடு வாங்குவோர் உடைந்த ஓடொன்றைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். ஓட்டின் அடியில் தொழிற்சாலையின் பெயர் பதிந்திருக்கும். ஒரு தொழிற்சாலையின் ஓட்டுப் பள்ளம் மற்றொன்றின் ஓட்டோடு சரியாகக் கவ்வாமல் போகலாம். போனால் முதல் மழையிலேயே கூடத்தில் அண்டா வைக்க நேரும்.

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்கவேண்டும். பழைமை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கலாம். மின்சாரம் ஓடும் இடத்தில் இருத்தல் ஆகாது. ராபர்ட்சன்பேட்டையில் நண்பர் ஒருவர் வீட்டில் மரப்பட்டையைக் கழற்றியபோது, கம்பியின்மேல் இருந்த ரப்பர் உறை முறுக்கு நொறுங்குவதுபோல் உதிர்ந்தது. அக்காலத்து ரப்பர் உறை ஆண்டுகள் செல்லச்செல்ல இறுகி வெடிக்கும் இயல்புடையது. அந்தச் சுவரை ஒட்டியே அவர் பேரன் தொட்டில் தொங்கியது. அழகுக்காகப் பழைய கம்பியை வைத்திருக்கலாமா என்று அவரை எவரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை.

ஆதலின் கம்பி முழுவதும் புதியதாக இருக்கட்டும். வேண்டுமாயின் புதிய கம்பியையே மரப்பட்டைமேல் பழைய முறையில் ஓட்டச் சொல்லலாம். நில இணைப்புக் கம்பி தவறாமல் வேண்டும். இரு துளைப் பிளக்கை விடுத்து மூன்று துளைப் பிளக்கு வைக்கவேண்டும். மீட்டரை அடுத்து ஆர்.சி.சி.பி. என்னும் காப்புக் கருவியையும் பொருத்துக. மின்சாரம் வழிதவறி 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் வகையைக் கேட்டு வாங்குக. பீங்கான் பியூசை அலமாரியில் காட்சிக்கு வைக்கலாம். குமிழ்ச் சுவிட்சு விரிசலின்றி இருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளர் சோதித்துச் சொன்னபின் விளக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். குளியலறைப் பக்கம் வேண்டா. இரு முளைப் பல்பு மாட்டும் பழைய ஹோல்டரில் இன்றைய எல்.இ.டி. பல்பும் அப்படியே பொருந்தும்.

பழைய மின்விசிறியில் பேரிங்கும் கண்டென்சரும் மாற்றினால் அது நெடுங்காலம் சுழலும். ஆனால் அது தொங்கும் கொக்கியையும் போல்ட்டையும் பின்னையும் முதலில் பார்க்கவேண்டும். தலைக்குமேல் சுழல்வது அன்றோ! வால்வு ரேடியோவைப் பிள்ளைகள் திறக்கலாகாது. அதனுள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய கதவின் வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடும். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. நீர் தெளித்து, குழந்தைகளை அப்புறப்படுத்தி, மெல்லச் சுரண்டுக. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவும் துளையிடவும் வேண்டா.

மற்றொன்றும் உண்டு, இதனைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை முழுமையாகாது. ரயில்வேயில் எழுத்தராக இருப்பவன் நான். மாரிக்குப்பத்து வண்டியில் எத்தனையோ மூட்டைகளைப் பார்க்கின்றேன். சிலவற்றில் அரிசி இருக்கும்; சிலவற்றை இறக்கிவைக்கும்போது பித்தளையின் ஓசை கேட்கும். சுரங்கம் மூடியபின் ஆளில்லாத கட்டிடங்களிலிருந்து கதவும் சன்னலும் கம்பியும் கழன்று போனதை நாம் எல்லோரும் அறிவோம். கிலோக் கணக்கில் இங்கே விற்றது, பெங்களூரில் "பழம்பொருள்" என்னும் பெயரோடு பத்து மடங்கு விலைக்கு நிற்கும். அதனை நாமே வாங்கி நம்மூருக்குக் கொண்டுவந்து மாட்டினால், ஒரு வீட்டை அழகாக்க மற்றொரு வீட்டை இடித்தவர்கள் ஆவோம். திருட்டுப் பொருளென்று அறிந்து வாங்குவது சட்டப்படியும் குற்றம். ஆகவே எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள். விற்பவர் வானத்தைப் பார்த்தால் நீங்கள் வாசலைப் பார்த்து நடந்துவிடுங்கள். அவ்விடத்தில் புதிதாக வார்த்த பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை மாட்டுவது எவ்வளவோ மேல். அதுவும் ஐம்பது ஆண்டில் பழையதாகிவிடும்.

கம்பெனி வீட்டில் குடியிருந்து, உரிமைப் பத்திரம் இன்னும் கைக்கு வராத குடும்பங்களுக்கும் ஒரு சொல். சுவரோடும் தரையோடும் ஒட்டிப்போகும் செலவை அளவோடு செய்யுங்கள். கம்பி மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டா, அது உயிர்க்காப்பு. அழகுக்குச் செலவிடுவது விசிறி, விளக்கு, அலமாரி என்று கழற்றி எடுத்துச்செல்லக் கூடியவையாக இருக்கட்டும்.

முடிவாக, இந்த ஞாயிறன்று வீட்டில் மூத்தவர் ஒருவரை அமரச்செய்து, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விளக்கு எப்பொழுது வந்தது, இந்த ரேடியோவை எத்தனை மாதத் தவணையில் வாங்கினீர்கள், இந்த அம்மி எந்த ஊரிலிருந்து வண்டியேறியது என்று கேட்டு எழுதிவையுங்கள். சந்தையில் எந்தப் பொருளும் கிடைத்துவிடும். அதன் கதை கிடைக்காது. சொல்லக் கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுக்கொள்வோமாக.