பட்டனைத் தட்டினால் போதுமா?

"ஃபோனில் ஸ்லோமோஷன் பட்டனைத் தட்டினால் இது வந்துவிடும். இதைப் போய்க் கலை என்கிறார்களே!" காலத்தையும் இடத்தையும் கலைத்துப்போடும் வீடியோ கலையைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வெறும் வித்தையோடு நின்றுவிடும் படைப்புகள் உண்டு. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மொத்தத்தையும் அப்படி ஒதுக்குவது அநியாயம்.

அமெரிக்கக் கலைஞர் பில் வயோலா 1995இல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் வைத்த 'தி கிரீட்டிங்'கை எடுத்துக்கொள்வோம். முக்கால் நிமிடச் சந்திப்பு, பத்து நிமிடமாக விரிகிறது. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமவள் வந்து ஒருத்தியைத் தழுவி, காதில் ஏதோ சொல்கிறாள். அந்த நேரத்தில் விலக்கி விடப்பட்ட மற்றவளின் முகத்தைப் பாருங்கள். சிரிப்பதா, தள்ளி நிற்பதா என்று தெரியாத அந்தத் தவிப்பு, இயல்பான வேகத்தில் கண்ணில் படாமலே போயிருக்கும். பட்டன் வேகத்தைத்தான் குறைக்கும். எந்தக் கணத்தை விரிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

"ஒன்றுமே நடப்பதில்லை" என்பது அடுத்த குறை. வயோலாவின் 'தி ரிஃப்ளெக்டிங் பூல்' (1977–79) ஏழு நிமிடம். கேமரா அசைவதே இல்லை. காட்டிலிருந்து ஒருவர் வந்து குளக்கரையில் நிற்கிறார், குதிக்கிறார். உடம்பைச் சுருட்டியபடி அந்தரத்தில் அப்படியே நின்றுவிடுகிறார். கீழே தண்ணீரோ சலனம் குறையாமல் நெளிகிறது. கரையில் இல்லாதவர்களின் நிழல் அதில் நடக்கிறது. மேலே நின்றுபோன காலம், கீழே ஓடும் காலம், இரண்டும் ஒரே சட்டத்துக்குள். தொங்கும் உருவம் மெல்ல மெல்லப் பச்சைக்குள் கரைந்துபோகிறது. பிறகு நீருக்குள்ளிருந்து அவர் எழுந்து வருகிறார். இதில் ஒன்றும் நடக்கவில்லையா?

"எல்லாம் கம்ப்யூட்டர் வேலை" என்பவர்களுக்கு, வீடியோ அல்லாமல் படச்சுருளில் உருவான ஒன்றைக் காட்டுவேன்: போலந்தின் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கி 1980இல் எடுத்த 'டாங்கோ'. ஒரு சின்ன அறை. ஜன்னல் வழியே பந்து விழுகிறது; அதை எடுக்க ஒரு சிறுவன் ஏறி வருகிறான், போகிறான், மறுபடி வருகிறான். ஒவ்வொருவராக 36 பேர் சேர்கிறார்கள். அவரவர் காலம் அவரவருக்குச் சுழல்கிறது. யாரும் யார்மீதும் இடித்துக்கொள்வதில்லை. இதற்காக, உருவங்களைத் தனித்தனியே பிரித்து ஒரே சட்டத்தில் சேர்க்க உதவும் மறைப்புத் தாள்கள் சுமார் 16,000-ஐக் கையால் வரைந்து தீட்டினார்.

பிறகு ஒவ்வொருவராகக் கிளம்ப, அறை காலியாகிறது. கடைசியாக ஒரு பாட்டி தரையில் கிடக்கும் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள்.