கரும்புலிகள்: நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாதவை

"கரும்புலிகள் ஏன் அப்படிப் போனார்கள்?" என்று, விடுதலைப் புலிகளின் தற்கொலைப் படையைப் பற்றி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளரும் பிள்ளை கேட்டால், ஒரு வீட்டில் "அவர்கள் தெய்வங்கள்" என்பார்கள். இன்னொரு வீட்டில் "மூளைச்சலவை" என்பார்கள். இரண்டு பதிலுமே பிள்ளையின் வாயை அடைப்பவை.

1987 ஜூலை 5 அன்று கரும்புலி கப்டன் மில்லர் வெடிமருந்து லொறியை ஓட்டிச் சென்று மோதியது ஒரு பள்ளிக்கூடத்தில்: நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம். அப்போது அது இலங்கை இராணுவ முகாம். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த இராணுவத்தின் நடவடிக்கையில், நெல்லியடி இருக்கும் வடமராட்சி சிதைந்திருந்தது. சொர்க்கம் பற்றிய பேச்சு புலிகள் இயக்கத்தில் இல்லை. சைவப் பிள்ளைகளும் போனார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகளும் போனார்கள். எரிந்த வீடும் காணாமல்போன அண்ணனும் அவர்களைத் தள்ளின என்பது உண்மைதான். ஆனால் 1983 இனக்கலவரத்தை அனுபவித்த லட்சக்கணக்கானோர் குண்டு கட்டவில்லையே. ஆளைத் தெரிவுசெய்து, பயிற்சி கொடுத்து, இலக்கைத் தீர்மானித்தது இயக்கம். போனபின் படமும் விளக்கும் மாவீரர் குடும்பம் என்ற மதிப்பும் கொடுத்தது சமூகம்.

அந்தச் சமூகத்தில் ரொறன்ரோவும் அடக்கம். ஏஜென்சிக்குக் காசு கட்ட முடிந்த குடும்பம் பிள்ளையை இங்கே அனுப்பியது. முடியாத குடும்பத்தின் பிள்ளை வன்னியில் நின்றது. தப்பி வந்த குற்றவுணர்வு நம்மில் பலருக்கு உண்டு. நவம்பர் 27, மாவீரர் நாளில் அழுத கண்ணீர் பொய்யல்ல. பயமும் இருந்தது. புலிகளின் ஆட்கள் வீடு வீடாகப் பணம் கேட்டு மிரட்டியதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006இல் எழுதியது. அதே ஆண்டுதான் கனடா புலிகளைத் தடைசெய்தது. மாற்றுக் கருத்தை எழுதிய பத்திரிகையாளர் டி.பி.எஸ். ஜெயராஜ் 1993இலேயே இந்த நகரத்தில் தாக்கப்பட்டிருந்தார். ஊர் முழுக்க ஒரே குரலில் பேசியதுபோலத் தெரிந்ததற்கு இதுவும் காரணம்.

கரும்புலிகளால் கொல்லப்பட்டவர்களைப் பற்றி நாம் பேசியது குறைவு. 1999 ஜூலை 29 காலை கொழும்பில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் நீலன் திருச்செல்வத்தின் காரை நெருங்கிக் குண்டை வெடிக்கவைத்து அவரைக் கொன்றார். நீலன் தமிழர்; தமிழர் விடுதலைக் கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர்; அதிகாரப் பகிர்வுத் தீர்வுக்காக அரசியலமைப்பு வரைந்துகொண்டிருந்தவர். 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கி மீதான தற்கொலைத் தாக்குதலில் 91 பேர் இறந்தார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் படையினர் அல்ல. வேலைக்கு வந்த எழுதுவினைஞர்கள், தெருவில் போனவர்கள். நெல்லியடியைப் பிள்ளைக்குச் சொல்லும் பெற்றோர் இந்த இரண்டு நாள்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும், பிள்ளை கேட்கும் அடுத்த கேள்விக்கும் இருந்து பதில் சொல்ல வேண்டும்.