தவறைச் 'செய்வதா', 'உண்டாக்குவதா'?

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த முதுகலை மாணவர் ஒருவர் ஆய்வுரை வழங்கினார். களப்பணித் தரவுகள் செறிவாக இருந்தன. கேள்வி நேரத்தில் தம் அட்டவணை ஒன்றைச் சுட்டி, "ஐ டிட் எ மிஸ்டேக் ஹியர்" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அட்டவணையிலிருந்த தவற்றுக்காக எவரும் சிரிக்கவில்லை. 'மேக்' வரவேண்டிய இடத்தில் 'டூ' வந்ததற்காகச் சிரித்தார்கள். அதன்பின் அம்மாணவர் எல்லா வினாக்களுக்கும் ஓரிரு சொற்களிலேயே விடை கூறி அமர்ந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அவருடைய எந்தத் தகுதியை அளந்தது?

ஆங்கிலத்தில் தவற்றுக்கு 'மேக்', குற்றத்துக்குக் 'கமிட்', வீட்டுப்பாடத்துக்கு 'டூ', கவனத்துக்குப் 'பே'. பெயருக்கும் வினைக்கும் இடையிலான இந்த உறவை எந்த இலக்கண விதியும் வகுத்துத் தரவில்லை. சொற்பொருளிலிருந்து ஊகித்து அறியவும் இயலாது. 'முடிவு' என்னும் சொல்லையே பாருங்கள். பிரெஞ்சு மொழியில் முடிவை 'எடுக்கிறார்கள்'. ஜெர்மன் மொழியில் அதனோடு வரும் வினைக்குச் 'சந்தித்தல்' என்றும் பொருள் உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலம் 'மேக்', 'டேக்' இரண்டையும் ஏற்கிறது. இவற்றுள் எது அறிவுக்குப் பொருத்தம் என்று கேட்பதில் பொருளில்லை. இது மரபு, மரபைப் பழகித்தான் பெறவேண்டும்.

இந்த நுட்பம் நமக்குப் புதியதும் அன்று. வெவ்வேறு வினைகளுக்குரிய பல பொருள்களைச் சுட்டும் ஒரு பொதுப்பெயரை, அவற்றுள் ஒன்றற்கு மட்டும் உரிய வினையால் முடிக்கலாகாது என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். அணிகலன்களுள் கவிப்பன, கட்டுவன, செறிப்பன, பூண்பன எனப் பலவகை உண்டு. ஆதலின் பொதுவாகக் கூறுங்கால் 'அணிந்தார்' என்க என்பது உரையாசிரியர் விளக்கம். இன்றும் நாம் பூவைச் சூடுகிறோம், பொட்டை இடுகிறோம், மையைத் தீட்டுகிறோம். தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவர் 'பொட்டுச் சூடினாள்' என்று எழுதினால், அவருக்குச் சிந்திக்கத் தெரியாது என்று நாம் முடிவுகட்டுவதில்லை. 'இட்டாள்' என்று சொல்லித் தருகிறோம்.

தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவு. தமிழில் தவறு 'செய்கிறோம்'. எனவே 'டூ' வருகிறது. தேர்வு 'எழுதுகிறோம்', எனவே 'ரைட்' வருகிறது. நான் தங்கியிருக்கும் வட இந்திய விடுதியில் இந்தி பேசும் நண்பர்கள் தேர்வைக் 'கிவ்' செய்கிறார்கள். அவர்கள் மொழியில் தேர்வு 'கொடுக்கப்படுவது'. 'டேக்' அல்லது 'சிட்' என்னும் பிரிட்டிஷ் வழக்கோடு ஒப்பிட்டால் இரு தரப்பும் விலகியே நிற்கிறோம். ஆயினும் ஒருவர் ஆங்கிலத்தைக் கேட்டு மற்றவர் நகைப்பது மட்டும் நின்றபாடில்லை.

இதனால், 'எல்லாம் இந்திய ஆங்கிலமே, எதையும் திருத்தவேண்டா' என்போர் பக்கம் நான் சேரவில்லை. தேர்வை 'எழுதுவது' இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. தவற்றை 'டூ' செய்வது அவ்வாறு நிலைபெறவில்லை. ஆய்விதழ் மதிப்பீட்டாளர் அதைச் சிவப்பில் வட்டமிடுவார், நேர்காணல் குழு மதிப்பெண்ணைக் குறைக்கும். அந்த இழப்பைச் சுமப்பவர் அறிவுரை கூறும் நாமல்லர். குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் மாணவர். அவரிடம் வேறுபாட்டை மறைப்பது பரிவாகாது.

செய்யவேண்டியது எளிது. நம் பள்ளிக் குறிப்பேடுகளில் 'மிஸ்டேக் என்றால் தவறு' என்று ஒற்றைச் சொல்லாகவே எழுதிப் பழகினோம். பெயரை அதன் வினையோடு சேர்த்தே எழுதிப் பழக்கவேண்டும். அயல்மொழியாக ஆங்கிலம் கற்போரின் தேவைக்காக ஹெரால்ட் பால்மர் 1933-ஆம் ஆண்டிலேயே டோக்கியோவில் இத்தகைய சொல்லிணைவுகளைத் தொகுத்து அளித்தார். 2002-இல் ஆக்ஸ்போர்டு இதற்கென்றே தனி அகராதி வெளியிட்டது. விதியால் அறியக்கூடியதாக இருந்தால் அகராதி தேவைப்பட்டிராது. நெறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆய்வேட்டின் ஓரத்தில் 'ஆங்கிலம் போதாது' என்று எழுதுவதற்கு மாற்றாக, உரிய வினை எதுவோ அதை எழுதுங்கள். முன்னது மாணவரை ஒடுக்கும். பின்னது அடுத்த இயலில் பயன்படும்.

அன்று மாலைத் தேநீர் வேளையில் அந்த மாணவரிடம் 'மேக்' என்னும் ஒரு சொல்லைச் சொன்னேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்த எவரும் அதைச் சொல்லியிருக்கலாம்.