சான்றிதழ் வியாபாரத்தை நிறுத்துங்கள்

சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கத்தில் இன்று கேமரா இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருநூறடிச் சாலையிலிருந்து மேடவாக்கம் பிரதான சாலை வரை நகைக்கடை, மருந்துக்கடை, பள்ளி, மகளிர் விடுதி என எங்கும் கேமராக்கள். இவற்றைப் பொருத்தவும் கண்காணிக்கவும் ஆள் வேண்டும். அந்தத் தேவையை நம்பி, ‘இரண்டே நாளில் சிசிடிவி பயிற்சி, சான்றிதழ், வேலை உறுதி’ என்று கூவி அழைப்பவர்களும் பெருகிவிட்டார்கள். பயிற்சி என்ற பெயரில் காகிதம் விற்கும் இந்தத் தொழிலையும், அதைத் தடுக்காத அதிகாரிகளையும், கேள்வியே கேட்காமல் அந்தக் காகிதத்தை ஏற்கும் நிர்வாகங்களையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வாயிலில் நிற்கும் காவலாளியின் பயிற்சிக்கே சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-இல் வந்தது. அதன்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் குறைந்தது 20 வேலை நாள்களில் தரப்பட வேண்டும் என்கின்றன. தீயணைப்பு, முதலுதவி, காவல் நிலையத்தில் புகார் பதியும் முறை எல்லாம் அந்தப் பாடத்தில் அடக்கம். ராணுவத்திலோ காவல்துறையிலோ பணியாற்றி வந்தவருக்குக்கூட 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களப்பயிற்சி, குறைந்தது ஏழு வேலை நாள் உண்டு. எல்லையில் நின்று வந்தவருக்கே ஏழு நாள் தேவை என்றால், நேற்று வரை வேறு வேலை பார்த்த இளைஞருக்கு இரண்டு நாள் போதும் என்று சொல்ல இவர்கள் யார்?

கேமராவைக் கையாளும் வேலை காவலாளியின் வேலையைவிடப் பொறுப்பில் குறைந்ததல்ல. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில், ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்த பெண்களின் காட்சிகள் இணையத்தில் கசிந்து விலைக்குப் போனது தெரியவந்தது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதே திருடர்களுக்குக் கதவைத் திறந்தது. கேமராவைப் பொருத்தியவுடன் கடவுச்சொல்லை மாற்று என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. அதைக்கூடச் சொல்லித் தராமல் அனுப்பப்படும் ஒருவர், மகளிர் விடுதியில் ஏணி போட்டு ஏறுகிறார் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பதிவைப் பாதுகாப்பது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த கொடுமையை விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், அங்கே வன்தட்டில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். கேமரா இருந்தது, காட்சி இல்லை. கருவியின் அமைப்பைத் தொடும் கைக்கு நுட்பமும் வேண்டும், நேர்மையும் வேண்டும். பயிற்சி இரண்டையும் ஊட்ட வேண்டும்.

பதிவு இருந்தாலும் அது நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமே! 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு, அது மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிப்பிடும் சான்றையும் கேட்கிறது. செல்போனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்கும் ஊழியரால், வழிப்பறியில் சங்கிலியைப் பறிகொடுத்த பெண்ணின் வழக்கே பலவீனமாகும்.

இந்த வியாபாரத்தில் முதலில் ஏமாறுவது பயிற்சிக்கு வரும் பிள்ளைகள்தான். வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் போகிறது. கையில் மிஞ்சும் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் இல்லை. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் சிசிடிவி பொருத்துநருக்கென்றே வரையறுத்த பாடத்திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் இருக்கிறது. இவை இருந்தும் நம் பிள்ளைகள் போலிகளிடம் போய்ச் சேர்கிறார்கள் என்றால், எது அசல் என்று அவர்களிடம் யாரும் உரக்கச் சொல்லவில்லை என்றே பொருள்.

எனவே கோருகிறோம். பயிற்சி நிலையங்களை ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஆய்வு செய்யச் சொல்கின்றன மாதிரி விதிகள். அந்த ஆய்வு தாம்பரம் மாநகரக் காவல் எல்லைக்குள் உடனே தொடங்க வேண்டும். பயிற்சி பெறாதவரைப் பணியில் வைக்கும் முகமைக்கு 25,000 ரூபாய் வரை அபராதமும், உரிமத்தை நிறுத்தவோ ரத்து செய்யவோ அதிகாரமும் சட்டத்தில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலைத் திறன் மேம்பாட்டுக் கழகம் பகுதிவாரியாகத் தமிழில் வெளியிட்டு, உள்ளாட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். கேமரா பொருத்துகிறவருக்கும் கட்டாயத் தகுதி ஒன்றை அரசு வகுக்க வேண்டும்.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் சொல்கிறோம்: குறைந்த தொகைக்கு ஆள் கிடைக்கிறார் என்று கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை மணி நேரப் பயிற்சி, யார் நடத்தியது, தேர்வை யார் வைத்தது, சான்றிதழ் எண்ணை எங்கே சரிபார்ப்பது என்று கேளுங்கள். பணம் கட்டும் முன் பெற்றோரும் இதையே கேட்க வேண்டும். கருவியைத் தொட்டுப் பழக இடம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் நிலையத்தின் படியேறாதீர்கள்.

நம் வீட்டு வாசலையும் நம் பெண்கள் வந்துபோகும் நேரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் திரையின் முன்னால் ஒருவரை அமர்த்துகிறோம். அவரை உருவாக்கியது யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. அந்தப் பதிலைத் தர வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. இனியும் காலம் கடத்தாதீர்கள்.