வீடே மருத்துவமனையானபோது

சென்னைப் புறநகர் ரயிலில் சென்றவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தைக் கடந்திருப்பார்கள். நமக்கு அருகிலுள்ள பெருந்துறையிலும் மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள பகுதிக்குச் சானடோரியம் என்ற பெயர் இன்றும் வழங்கி வருகிறது. காசநோயாளிகளை ஊருக்கு வெளியே, நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் கிடைக்கும் இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்த காலத்தின் எச்சங்கள் இப்பெயர்கள். தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரிமுத்து அத்தகைய மருத்துவமனையை நிறுவியபோது, இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்கும் இல்லை. நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டே அறிவித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் வழி தெரியவில்லை. ஆகவே நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே அன்றைய மருத்துவத்தின் பெரும்பகுதியாக இருந்தது.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952இல் ஐசோநியாசிடும் வந்தபின் நிலைமை மாறியது. மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் சானடோரியப் படுக்கைகள் மிகச் சொற்பம். மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்டால் நோய் குணமாகுமா? குணமாகும் வரை வீட்டிலுள்ளவர்களுக்குத் தொற்றாதா? இக்கேள்விகளுக்கு விடை காண 1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் கைகோத்தன. அதுவே இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னையின் ஏழை நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் நெரிசல் மிகுந்த தம் சிறு வீடுகளிலேயே இருந்தனர். இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்துணவு குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நோய் அடங்கிய நிலையை எட்டினர். வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினரிடையே நோய் மிகுதியாகத் தோன்றவுமில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தவற்றுள் முதன்மையானது.

அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்பும் இதை நினைவூட்ட வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. சானடோரியம் மறைந்தது, அதன் மனப்பான்மை மறையவில்லை. நோய் உறுதியானதும் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்குவதும், விடுதியில் தங்கிப் பணிபுரியும் பெண்ணை அன்றே ஊருக்கு அனுப்புவதும், லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் நம் பகுதியில் இன்றும் நிகழ்கின்றன. காசநோய் தட்டாலும் டம்ளராலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. முறையாக மருந்து தொடங்கினால் பொதுவாக இரண்டு வாரங்களுக்குள் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசமும் திறந்த சன்னலும் போதிய காப்பு. மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய்க்கு மட்டும் மருத்துவர் கூறும் காலம் வரை கூடுதல் கவனம் வேண்டும். குடும்பத்தினர் செய்ய வேண்டியது ஒதுக்குவதன்று. தாமும் பரிசோதனை செய்துகொண்டு, தேவையெனில் தடுப்பு மருந்து பெறுவதே.

சென்னை ஆய்வு சொல்லும் மற்றொரு பாடமும் உண்டு. வீட்டில் சிகிச்சை என்பது கைவிடப்பட்ட சிகிச்சை அன்று. அன்றைய சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர்; மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று சிறுநீரைச் சோதித்தனர். வெற்றி மாத்திரைக்கு மட்டும் உரியதன்று. வீடு தேடிச் சென்ற அக்கால்களுக்கும் உரியது. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று எடை கூடியதும், 'குணமாகிவிட்டது' என்று மருந்தை விட்டு ஒன்றரை ஷிப்ட் வேலைக்குத் திரும்புவோர் இவ்வூரில் பலர். ஆறு மாதச் சிகிச்சையின் இடையில் விட்டால் எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வலிமை பெறக்கூடும். பீகாருக்கோ ஒடிசாவுக்கோ ஊர் திரும்பும் தொழிலாளர்கள், புறப்படுமுன் தெரிவித்தால் போதும். நிக்ஷய் பதிவு எண்ணைக் கொண்டு நாட்டின் எந்த அரசு மையத்திலும் இலவசமாக மருந்தைத் தொடரலாம்.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். சிகிச்சையை வீட்டுக்கு மாற்றியதால் அரசுக்குப் படுக்கை மிச்சம். சுமையோ வீட்டிலுள்ள பெண்ணின் தோளில் ஏறியது அல்லவா? உண்மைதான். சமைப்பதும், மாத்திரையை நினைவூட்டுவதும், கூலி குறைந்த வாரத்தில் கணக்கைச் சரிக்கட்டுவதும் பெரும்பாலும் தாயோ மனைவியோதான். ஆகவே இச்சுமையைப் பகிர்வது உதவியன்று, கடமை என்பது என் கருத்து. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினருக்கு உணவுப் பொருள் வழங்கி நடத்தப்பட்ட ஆய்வு 2023இல் வெளியானது. கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. உணவும் மருந்தே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அரசு நோயாளிக்கு அளிக்கும் மாத ஊட்டச்சத்துத் தொகை இப்போது 1000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரம் கொடுக்காமையாலேயே அதை இழப்போர் உள்ளனர். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் கண்டறியும்போதே எடை மிகக் குறைந்தோரும் மூச்சுத் திணறல் உள்ளோரும் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். படுக்கை தேவைப்படுவோருக்குப் படுக்கை, ஏனையோருக்கு வீடு என்பதே முறை.

மூன்றாவது பங்கு வேலை தருவோருடையது. சளி தொற்றுத்தன்மை நீங்கித் தேறிய தொழிலாளிக்கு அதே பவர் டேபிளில், அதே செக்கிங் பிரிவில் இடம் வைத்திருப்பதாக ஒரு பனியன் கம்பெனி கூறினால், அச்சொல்லே நோயை மறைக்கும் பழக்கத்தைக் குறைக்கும். வேலை போய்விடும் என்று அஞ்சுபவர் இருமலை மறைப்பார். மறைக்கப்பட்ட இருமலே அரங்கு முழுவதும் பரவுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் பஞ்சுத் தூசி என்று தள்ளிவிடாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெரிசலான சிறு வீட்டிலும் இந்நோய் குணமாகும் என்பதைச் சென்னையின் எளிய குடும்பங்கள் உலகுக்கு மெய்ப்பித்துள்ளன. திருப்பூரின் வீடுகளாலும் அது இயலும். மருந்து தவறாதிருக்கவும், உணவு குறையாதிருக்கவும், வேலை பறிபோகாதிருக்கவும் வேண்டும்.