முன் சக்கரமும் ஒரு தாம்பாளமும்

குழம்பு கொதிக்கிறபோது புளி வாங்கக் கடைக்கு ஆளனுப்புகிற பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். வண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்பானர் தேடுகிற புருஷர்களை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை!

சென்ற கோடை விடுமுறையில் அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையில் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அலங்கார மாதா கோயில், சுற்றிலும் முந்திரித் தோப்பு, காலெல்லாம் செம்மண். சித்தி ஆண்டிமடத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயினி. ஸ்கூட்டரில்தான் போக்குவரத்து. பேத்தியை முன்னால் நிறுத்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவதும் உண்டு.

ஒரு மாதமாக அந்த ஸ்கூட்டர் முனகிக்கொண்டிருந்தது. வேகம் ஏற ஏற முனகலும் ஏறும். "டயர் சத்தம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் சித்தப்பா. சித்திக்குத் திருப்தியில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்னைப் பின்னால் அழுத்தச் சொல்லி, மேலே தூக்கிய முன் சக்கரத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினாள். 'தட், தட்' என்றது. சுற்றிவிட்டால் அம்மியில் மணல் அரைபடுகிற சத்தம். "பேரிங்தான். குழந்தையை வைத்துக்கொண்டு போகிற வண்டி" என்றாள். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஒரு சுத்தியல், ஒரு ஸ்குரூ டிரைவர், சைக்கிள் காலத்து ஸ்பானர் ஒன்று, இவ்வளவோடு உட்கார்ந்துவிட்டார். அச்சு நட்டு கழன்றது, சக்கரமும் வந்தது. பேரிங் மட்டும் வரவில்லை. அதை உள்ளிருந்து தட்டி வெளியேற்ற நீளமான கம்பி வேண்டும். புதுப் பேரிங் வேண்டும். இரண்டும் ஜெயங்கொண்டத்தில். ஜெயங்கொண்டம் போகவேண்டிய வண்டியோ முற்றத்தில் இரண்டு செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது!

பஸ்ஸில் போய் வாங்கி வந்தார். அச்சில் அழகாக நுழைந்தது. சக்கரத்துக் குடத்திலோ லொட லொட என்று ஆடியது. பழையதைத் துடைத்துப் பார்த்தோம்: 6301. வாங்கி வந்தது 6201. இரண்டுக்கும் உள்துவாரம் 12 மில்லிமீட்டர்தான். வெளிவிட்டம் ஒன்றுக்கு 37, மற்றதற்கு 32. நடுவில் ஓர் எண் மாறியதற்கு மறுநாள் இன்னொரு பஸ் பயணம்.

சரியான பேரிங் வந்து சேர்ந்ததும் சித்தப்பா சுத்தியலை ஓங்கினார்.

"ஏங்க, எது மேலே அடிக்கப் போறீங்க?" என்றாள் சித்தி.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. நல்லவேளை! அடுத்த தெருப் பட்டறைக்காரரைக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கிற்று. பேரிங் என்பது இரண்டு வளையம்; நடுவே குண்டுகள். 1794-ல் வேல்ஸ் தேசத்து பிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சுக்கு இப்படிக் குண்டு வைக்கக் காப்புரிமை வாங்கினார். நம் மாட்டுவண்டிகளோ வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த மசகிலேயே ஓடிக்கொண்டிருந்தன. குடத்தில் இறுகி உட்காருவது வெளிவளையம். ஆகவே தட்டுவதும் வெளிவளையத்தின் மேல்தான். உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய் வளையத்தில் பள்ளம் விழுத்தும். சில நாளில் அதே முனகல். (கழற்றும்போது உள்வளையத்தில் அடிக்கலாம், எப்படியும் எறியப்போகிற பொருள்.)

ஆகையால், சகோதரிகளே, நட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு தாம்பாளத்தை எடுத்து நடுக்கூடத்தில் வையுங்கள். அச்சு நட்டின் இரு பக்கத்துக்கும் பொருந்துகிற ரிங் ஸ்பானர்கள் அதில் வரட்டும். விரல் கனத்தில் ஓர் அடி நீளக் கம்பி. 37 மில்லிமீட்டர் பேரிங்கானால் 36 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள பாக்ஸ் ஸ்பானர்த் தலை. வெளிவளையத்தில் மட்டும் படும்படி அதை வைத்துத் தட்டலாம். இரண்டு பேரிங், எண்ணைச் சரிபார்த்து, புது ஆயில் சீல், கிரீஸ், பழைய துணி. இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் உண்டு. அதை மறந்து மூடினால், நட்டை முடுக்குகையில் இரண்டும் நெருக்குண்டு கெடும். முதல் நாள் இரவே புதுப் பேரிங்குகளைப் பாலிதீன் பையில் கட்டி ஃபிரிட்ஜின் ஐஸ் அறையில் வைத்தால் எள்ளளவு சுருங்கிச் சுலபமாக இறங்கும். துருவிய தேங்காய்ப் பக்கத்தில் அதைப் பார்த்து மருமகள் பயப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன் சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் பேரிங்கைத் தட்டி ஏற்ற முடியாது. அழுத்தும் பிரஸ் வேண்டும். நட்டை இத்தனை இறுக்கம் என்று அளந்து முடுக்க டார்க் ரெஞ்சு வேண்டும். அது வீட்டு வேலையல்ல. காரை விடுமுன் "பிரஸ் இருக்கிறதா, டார்க் ரெஞ்சு இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பது பெண்பிள்ளையாயிற்றே என்று முகத்தைப் பார்த்தால், பார்த்துக்கொள்ளட்டும்! வீட்டில் சக்கரத்தை மட்டும் கழற்றினாலும், வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கடியில் யாரையும் கை நுழைக்க விடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை சித்தியின் சக்கரம் ஏறியது. ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. பிரேக்கை நாலு தடவை பிடித்துப் பார்த்தாள். தனியாக ஒரு சுற்று ஓட்டி வந்த பிறகுதான் பேத்தியை ஏற்றிக்கொண்டாள்.

கிரீஸ் ஏறிய எவர்சில்வர் தாம்பாளம் சித்தப்பாவுக்கே சொந்தமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் புதிது வாங்கித் தருவதாக வாக்களித்திருக்கிறார்.