இருவருக்கு ஒரு கேம்பர் டிரெய்லர்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எடை மேடைக்குப் போங்கள்!

தேர்வாய் கண்டிகையில் டிரெய்லர் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சிப்காட் தொழிற்பூங்காவுக்குக் கன்டெய்னர் ஏற்றி வரும் நீளமான வண்டிதான் அங்கே டிரெய்லர். மிஷ்லின் டயர் தொழிற்சாலை இருக்கும் ஊர் என்பதால், டயரைப் பற்றியும் அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனால், செல்போனைத் திறந்தால் வருவது வேறு டிரெய்லர். காருக்குப் பின்னால் குட்டியாக ஒரு பெட்டி. ஏரிக்கரையில் நிறுத்துகிறார்கள், கதவைத் திறக்கிறார்கள், உள்ளே மெத்தை. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பு. கணவனும் மனைவியும் டீ குடிக்கிறார்கள். வீடியோ முடிந்துவிடுகிறது.

கணவனுக்கு ஒரு ஷிஃப்ட், மனைவிக்கு இன்னொரு ஷிஃப்ட் என ஓடும் வீட்டில் இந்த வீடியோ ஆசையைக் கிளப்புவதில் ஆச்சர்யமில்லை. இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பதே அபூர்வம். அந்த இரண்டு நாளில் ரூம் தேடி அலையாமல், நினைத்த இடத்துக்குக் கிளம்பலாமே என்று தோன்றும். சேமிப்பில் கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை இங்கே.

முதல் கேள்வி: உங்கள் கார் இழுக்குமா?

பெரும்பாலானவர்கள் டிரெய்லரைப் பார்த்துப் பிடித்துப்போன பிறகுதான் காரைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள். காருடன் வந்த கையேட்டை எடுத்து, டிரெய்லர் இழுப்பது பற்றிய பகுதியைப் படியுங்கள். இந்தியாவில் விற்கும் பல கார்களின் கையேட்டில், டிரெய்லர் இழுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்றே எழுதியிருக்கும். அப்படி இருந்தால், கடைக்காரர் எவ்வளவு உறுதி கொடுத்தாலும் அந்தக் காருக்கு டிரெய்லர் வேண்டாம். கிளட்ச், பிரேக், வாரண்டி மூன்றும் உங்கள் தலையில்தான் விழும்.

இழுக்கலாம் என்று இருந்தால், எத்தனை கிலோ வரை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்கு பிரேக் இருந்தால் ஓர் அளவு, இல்லாவிட்டால் அதைவிடக் குறைவான அளவு கொடுத்திருப்பார்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பொதுவான உச்ச வரம்பு 750 கிலோ. 'லைட் வெயிட்' என்ற சொல்லுக்கு இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சிறிய காருக்கு இதுவே அதிகம்.

காலி எடையில் ஏமாறாதீர்கள்

விளம்பரத்தில் இருப்பது காலி எடை. ஆனால், நீங்கள் காலியாகப் போகப் போவதில்லை. 350 கிலோ டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ. சிலிண்டர், அடுப்பு, பாத்திரம் 25 கிலோ. பேட்டரி, ஃபேன், விளக்கு 20 கிலோ. மெத்தை, துணிமணி, மடக்கு நாற்காலி, மளிகைச் சாமான், ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்து 65 கிலோ. மொத்தம் 500 கிலோ. காகிதத்தில் 350 ஆக இருந்தது சாலைக்கு வரும்போது 500 ஆகிவிட்டது.

இந்த விஷயத்தில் தொழிற்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. லாரிகள் ஏறும் எடை மேடை பக்கத்திலேயே இருக்கும். சாமான்களை ஏற்றிய டிரெய்லரை ஒருமுறை அதில் நிறுத்தி, சீட்டு வாங்கிவிடுங்கள். சில கிலோ முன்பின் இருந்தாலும் பரவாயில்லை, உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

மொத்த எடையைப் போலவே, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். மொத்தத்தில் சுமார் 10-ல் ஒரு பங்கு காரின் கொக்கியில் இறங்க வேண்டும். 500 கிலோவுக்கு ஏறக்குறைய 50 கிலோ. கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் அதன் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சமதரையில், டிரெய்லரின் முன்முனைக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதை வீட்டில் இருக்கும் எடை பார்க்கும் மெஷின் மேல் நிறுத்தினால் அளவு தெரிந்துவிடும். பாரம் எல்லாம் பின்பக்கம் குவிந்தால், நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். காரையும் சேர்த்து இழுத்துக் கவிழ்க்கும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. தண்ணீர் கேன் அச்சுக்கு மேலேயோ, சற்று முன்னாலேயோ இருக்கட்டும்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டிரெய்லர் டயரின் பக்கவாட்டில் '145/80 ஆர் 12 74' என்பதுபோல எழுதியிருக்கும். கடைசியில் வரும் 74 என்பது சுமைக் குறியீடு. அதற்கு அர்த்தம், ஒரு டயர் 375 கிலோ தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 750 கிலோ. உங்கள் எடை மேடைச் சீட்டில் இருக்கும் எண் இதைவிட நன்றாகவே குறைவாக இருக்க வேண்டும். இன்னோர் இடத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. செகண்ட் ஹேண்ட் டிரெய்லரில் பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும் டயர், வருடக்கணக்கில் வெயிலில் நின்று வெடித்துப்போனதாகவும் இருக்கலாம்.

எந்த வகை?

துளி வடிவ டிரெய்லர்: 1930-களில் அமெரிக்காவில் பிரபலமான வடிவம். உள்ளே படுக்கை, பின்னால் அடுப்படி. நிறுத்தினோம், கதவைத் திறந்தோம், படுத்தோம் என்று முடிந்துவிடும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது.

கூடாரம் மடிந்த டிரெய்லர்: விரித்தால் நல்ல இடம் கிடைக்கும். ஆனால், கம்பி நட்டு, கயிறு கட்டி முடிக்க நேரம் பிடிக்கும். மழையில் நனைந்த துணியை அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். வீடு திரும்பியதும் மறுபடி விரித்துக் காயவைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூரை உயரும் டிரெய்லர்: இரண்டுக்கும் நடுவில். நிற்க உயரம் கிடைக்கும். எடையும் விலையும் கூடும், பழுதாகக்கூடிய பாகங்களும் கூடும்.

ஒன்றிரண்டு இரவுகளே தங்கப் போகும் தம்பதிக்குத் துளி வடிவம்தான் பொருத்தம். அதில் இரண்டு பக்கமும் வலை போட்ட ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் காற்றோட்டம் இல்லாத தகரப் பெட்டி இட்லிச் சட்டிதான்.

'பத்தே நிமிஷம்' என்றால்..?

விற்பவர் பத்து நிமிடத்தில் விரித்துக் காட்டுவார். அவர் தினமும் செய்கிறார். நீங்கள் போகும்போது மாலை ஆறரை மணிக்குப் போங்கள். முதலில் கணவர் தனியாக விரித்து மடிக்கட்டும். பிறகு மனைவி தனியாக. காரிலிருந்து கழற்றி மாட்டுவதையும் இருவரும் செய்து பாருங்கள். விரிப்பதைவிட மடிப்பதுதான் கஷ்டம். ஒருவருக்கு உடம்புக்கு முடியாத நாளில் இன்னொருவர் தனியாகச் சமாளிக்க முடியாத வண்டி, இருவருக்கான வண்டி அல்ல.

தூங்கும் முன்

2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு வாசனையோ நிறமோ கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். அது பெரிய கேரவன். உங்களுடையதோ அலமாரி அளவு பெட்டி. எனவே உள்ளே அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள்.

ஜெனரேட்டர் இல்லாமல் முடியுமா? முடியும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,200 வாட்-ஹவர் மின்சாரம் இருக்கும். 25 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் செலவாவது 200 மட்டுமே. 1,000 வாட் ஏ.சி என்றால் சுமார் ஒரு மணி நேரத்திலேயே பேட்டரி தீர்ந்துவிடும்.

பேப்பர் விஷயம்

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதையும் பதிவு செய்ய வேண்டும். பின்னால் இழுக்கும் காரின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பட்டறையில் வெல்டிங் செய்து கொடுக்கும் டிரெய்லருக்குப் பதிவு கிடைக்குமா என்பதை, பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேளுங்கள். காருக்குக் கொக்கி பொருத்துவதைப் பற்றி இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நிறுத்துவதற்கும் இடம் வேண்டும். கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றுள்ளது. அதற்காக எங்கு வேண்டுமானாலும் இரவு தங்கலாம் என்று அர்த்தமில்லை. பக்கத்திலேயே இருக்கும் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம், 2020 நவம்பரில் திறக்கப்பட்ட சென்னையின் குடிநீர் ஏரி. அதன் கரை கேம்ப் போடும் இடமல்ல. காப்புக் காடுகளிலும் அனுமதி இல்லாமல் தங்க முடியாது. முகாம் வசதி உள்ள தனியார் தோட்டங்களைப் போனில் விசாரித்து, டிரெய்லர் உள்ளே திரும்ப இடமிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். முதல் பயணத்துக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலை வேண்டவே வேண்டாம். ஏதாவது காலி மைதானத்தில் ரிவர்ஸ் எடுக்கப் பழகிய பிறகு, சமவெளிச் சாலையில் ஆரம்பிக்கலாம்.

வாங்கலாமா, வேண்டாமா?

ஒரு வருடத்தில் இருவருக்கும் சேர்ந்து கிடைத்த விடுமுறைகளைப் பழைய காலண்டரில் எண்ணிப் பாருங்கள். மூன்று, நான்கு முறைதான் என்றால் டிரெய்லர் வாங்க வேண்டாம். நல்ல தரைக் கூடாரம் ஒன்று போதும், அது டிக்கியிலேயே அடங்கிவிடும். மாதம் ஒருமுறையாவது கிளம்ப முடிகிறது, கார் இழுக்கும், வாடகை வீட்டு வாசலில் நிறுத்த ஓனர் சம்மதிக்கிறார் என்றால், முதலில் ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். திரும்பி வரும்போது இருவருமே 'அடுத்து எங்கே?' என்று பேசிக்கொண்டு வந்தால், தாராளமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்.